குங்குமப் பொட்டிட்ட வாளி மாட்டி

1972ஆம் ஆண்டு மே மாதம் பதினெட்டாம் நாள், வியாழக்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு, கோட்டையூரில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் எங்கள் மூத்த பெயிண்டர் சூசை அண்ணன் என்னிடம் வந்து, "பாப்பா, மாட்டியைக் காணோம்" என்றார். இந்தத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியை நான் அந்த நிமிடத்துக்கும் அன்றைய மதியச் சாப்பாட்டுக்கும் இடையில்தான் கற்றுக்கொண்டேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓய்வு பெறுகிறவர்கள், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது எல்லாத் தொழிலிலும் உள்ள வழக்கம். எனக்கு வயது இருபத்து மூன்று. வரும் ஜூலையில் முதுகலைத் தமிழ் படிக்க மதுரைக்குப் போகிறேன் என்பதால், அப்பாவின் பெயிண்டிங் காண்ட்ராக்ட் தொழிலிலிருந்து இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறேன். நேரில் பேசச் சொன்னால் எனக்கு வார்த்தை வராது. அதனால் எழுதித் தருகிறேன். வர்ணம் கலப்பது, உப்புத்தாள் போடுவது, பிரஷ் பிடிப்பது எல்லாவற்றையும் சூசை அண்ணன் உங்களுக்குக் கற்றுத் தருவார். ஏணிக்குக் கீழே நிற்கிறவர் எப்போது வாயைத் திறக்க வேண்டும், எப்போது மூடிக்கொள்ள வேண்டும் என்பது பற்றி மட்டுமே நான் சொல்ல இருக்கிறேன்.

மேலும், நீங்கள் இப்போது பயன்படுத்துகிற தார் பூசிய இரும்பு மாட்டியைக் கையில் எடுத்ததும், "இவ்வளவு அவலட்சணமாகவா ஒரு சாமானைச் செய்வார்கள்?" என்று கேட்டீர்களாம். நியாயமான கேள்வி. விடை கடைசியில் வரும்.

அந்த வருஷம் பங்குனியில் அப்பா ஏணியிலிருந்து விழுந்தார். பெயிண்ட் வாளியைக் கயிற்றால் படிக்கட்டையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்வதுதான் அதுவரை எல்லோருக்கும் பழக்கம். ஏணி சாய்வாக நிற்கும்; வாளி ஆடும்; ஆடுகிற வாளியைப் பிடிக்கக் கை தானாகப் போகும். அப்பாவின் கை போயிற்று, பின்னாலேயே அப்பாவும் போனார். இடது காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். படுத்த இடத்தில் அவர் யோசித்து உருவாக்கியதுதான் வாளி மாட்டி. மேல் படியைக் கவ்விக்கொள்ள இரண்டு கொக்கிகள். கீழ்ப் படியில் ஊன்றிக்கொள்ள இரண்டு கால்கள். நடுவில் வாளி உட்கார ஒரு வளையம். அந்த வளையம் இரண்டு முளைகளில் ஊசலாடுவதால், ஏணி எப்படிச் சாய்ந்தாலும் வாளி நேராகவே இருக்கும். வளையத்தின் விளிம்பில், நுணுக்க வேலைக்கான சில்லறை வர்ணங்களுக்கு மூன்று சிறு கிண்ணங்கள்.

இதைச் செய்துகொடுத்தவர் அப்பாவின் நண்பர், பாத்திரப் பட்டறைக்காரர். அவர் பட்டறையில் பித்தளை வேலைதான் நடக்கும். படுத்திருக்கும் நண்பருக்குச் செய்கிறோம் என்ற பாசத்தில் கால்களில் தாமரை மொட்டு, கொக்கி முனையில் யாளி வாய் என்றெல்லாம் வைத்துவிட்டார். மிக அழகாக இருந்தது. எல்லாத் தொல்லையும் அந்த அழகினால்தான் வந்தது.

அப்பா இரண்டு உத்தரவுகள் போட்டிருந்தார். மாட்டி இல்லாமல் யாரும் வாளியோடு ஏணியில் ஏறக் கூடாது. வேலை முடிந்ததும் மாட்டியை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துக் காய வைக்க வேண்டும். முந்தின நாள் மாலை சூசை அண்ணன் இரண்டாவது உத்தரவை ஒழுங்காக நிறைவேற்றி, மாட்டியைக் கிணற்றடித் திண்டில் காய வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். காலையில் வந்து பார்த்தால், திண்டு மட்டும்தான் இருந்தது.

அந்த வீட்டில் எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. முகப்பின் உச்சியில் சுதையால் செய்த கஜலட்சுமி. இரு பக்கமும் யானைகள். கீழே துப்பாக்கி பிடித்த இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள். எல்லாவற்றுக்கும் வர்ணம் தீட்டியாயிற்று. லட்சுமிக்குக் கண் மட்டும் திறக்க வேண்டும். அதுவரை அவள் முகத்தை ஒரு வெள்ளை வேட்டியால் மூடி வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அன்று மாலை நான்கு மணிக்குக் கொத்தமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கல்யாணச் சாமான்களைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் வாசலை மிதிக்கும்போது லட்சுமி முக்காட்டோடு நிற்கக் கூடாது என்று கல்யாணப் பெண்ணின் தாயாரான வீட்டு ஆச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்பா விழுந்த பிறகு எங்களை நம்பி வேலை கொடுத்த முதல் பெரிய வீடு அது. அங்கே பெயர் கெட்டால் செட்டிநாட்டில் வேறெந்த வீட்டுக் கதவும் எங்களுக்குத் திறக்காது. பி.ஏ. தேர்வு எழுதி முடித்த கையோடு அப்பாவுக்குப் பதிலாக வந்து நின்ற எனக்கு, இது ஒன்றாவது தெளிவாகத் தெரிந்திருந்தது.

கிணற்றடி, தோட்டம், மாட்டுக்கொட்டில் எல்லாம் தேடினோம். ஆச்சி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னத்தை அங்குட்டும் இங்குட்டும் தேடிக்கிட்டு இருக்கீக? கண்ணைத் தொறந்துட்டு எறங்குங்க!"

சூசை அண்ணன் ரோஷக்காரர். நான் தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் பழையபடி வாளியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு பாதி ஏணி ஏறிவிட்டார். வாளி ஒரு ஆட்டம் ஆடிற்று. அண்ணன் கை அதை நோக்கிப் போனது. நல்லவேளையாக, போன கை பாதியில் நினைவு வந்து திரும்பி ஏணியையே பிடித்துக்கொண்டது. வாளியிலிருந்த வெள்ளை வர்ணத்தில் ஒரு பங்கு வலப்பக்கத்துச் சிப்பாயின் கறுப்பு மீசைமேல் இறங்கியது.

"இறங்குங்க அண்ணே" என்றேன்.

"மீசைதான் பாப்பா போச்சு. ஆளு அப்படியே இருக்கான்."

"நான் சிப்பாயைச் சொல்லலை. நீங்க இறங்குங்க."

அவர் இறங்கினார். அன்று நான் கொஞ்சம் உரக்கப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

பதினொன்றரை மணிக்கு வாசலில் ஒரு பிளஷர் கார் வந்து நின்றது. நான்கு மணிக்கு வரவேண்டியவர்கள்! காலையில் பிள்ளையார்பட்டிக்குக் கும்பிட வந்தார்களாம். திரும்புகிற வழியில் அப்படியே பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று மாப்பிள்ளையின் தாயாருக்குத் தோன்றிவிட்டது. அவரைச் சம்பந்தி ஆச்சி என்று குறிப்பிடுகிறேன். ஒல்லியான உருவம், பேச்சு குறைவு, பார்வை அதிகம். இறங்கியதும் நேராக மேலே பார்த்தார்.

"லச்சுமிக்கு ஏன் மூஞ்சியை மூடி வச்சிருக்கீக?"

வீட்டு ஆச்சி ஒரு கண நேரம்கூடத் தடுமாறவில்லை.

"நீக வராம எப்படித் தொறக்குறது? உங்க கண்ணு முன்னாலதான் அவ கண்ணு தொறக்கணும்னு காத்துக்கிட்டு இருக்கோம். உள்ள வாங்க. சாமானைப் பாருங்க, பலகாரம் சாப்பிடுங்க. ராகுகாலத்துக்கு முன்னால தொறந்துருவோம்."

போகிறபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரைக்கு. அந்தப் பார்வையில் எல்லாம் அடங்கியிருந்தது.

மாட்டி வேண்டும், அல்லது நேரம் வேண்டும். இரண்டில் ஒன்றைக் கேட்பதற்காக நானும் பின்னாலேயே போனேன். உள்முற்றத்தைச் சுற்றிக் கல்யாணச் சாமான்கள் பரப்பப்பட்டிருந்தன. நீங்கள் பார்த்திருப்பீர்கள்: பெண்ணுக்குத் தாய்வீட்டார் கொடுக்கிற எல்லாம், வெள்ளி விளக்கு முதல் விளக்குமாறு வரை, ஒன்று விடாமல் ஜோடி ஜோடியாகத் தரையில் வரிசை கட்டி நிற்கும். பித்தளை வரிசையில், குத்துவிளக்குக்கும் தூக்குச்சட்டிக்கும் நடுவில், புளி போட்டுத் தேய்த்துத் தங்கம்போல் மின்னிக்கொண்டு, எங்கள் மாட்டி இருந்தது.

கொக்கிகளில் மஞ்சள் பூசி, வளையத்தில் குங்குமப் பொட்டு இட்டிருந்தார்கள். மூன்று கிண்ணங்களில் சந்தனம், குங்குமம், மஞ்சள்.

நடந்தது எனக்கு விளங்கிவிட்டது. முந்தின நாள் மாலை அந்த வீட்டுப் பித்தளை அத்தனையும் கிணற்றடியில் குவிந்து கிடந்தது. தேய்த்தவர்கள் கைக்கு எட்டியதையெல்லாம் தேய்த்தார்கள். பரப்பியவர்கள் தேய்த்ததையெல்லாம் பரப்பினார்கள். போதாததற்கு, ஆச்சியின் தம்பி பினாங்கிலிருந்து ஒரு பெட்டி நிறையச் சாமான் அனுப்பியிருந்தார். அதில் பாதிக்கு என்ன பெயர் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பெயர் தெரியாத ஒரு பித்தளைச் சாமான் பினாங்கிலிருந்து வராமல் வேறு எங்கிருந்து வரும்?

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதைச் சுற்றித்தான் நின்றார்கள்.

"இது என்ன ஆச்சி, புதுசா இருக்கு?" என்றார் ஒருவர்.

"அதுவா? தம்பி பினாங்குலேர்ந்து அனுப்புனது" என்றார் வீட்டு ஆச்சி, மிகச் சாதாரணமாக.

"எனக்குத் தெரியாதாக்கும்!" என்றார் இன்னொருவர். "கப்பல்ல விளக்கு மாட்டுறது. கப்பல் ஆடும், இது ஆடாது. எங்க சின்னாத்தா வீட்டுல ரெண்டு கெடந்துச்சு."

"போங்கக்கா. விளக்குக்கு எதுக்கு மூணு கிண்ணி? இது பிள்ளைக்கு மருந்து உரசுறது. நடுவுல பால் சட்டி. கிண்ணியில வசம்பு, சாதிக்காய், மாசிக்காய்."

"அப்ப கொக்கி எதுக்காம்?"

"தொட்டில்ல மாட்டத்தான். கீழ வச்சா பூனை வாய் வைக்காதா?"

பூனை என்றதும் எல்லோருக்கும் ஐயம் தீர்ந்துவிட்டது. கல்யாணப் பெண் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். சம்பந்தி ஆச்சி மட்டும் குனிந்து ஒரு கிண்ணத்தின் ஓரத்தைப் பார்த்தார். வளையத்தை ஒற்றை விரலால் தள்ளினார். அது ஆடி, நேரானது. அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

இப்படிப்பட்ட நேரத்தில், உண்மை தெரிந்தவருக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கும். எனக்கு இயல்பிலேயே நாக்கு மெதுவாகத்தான் எழும் என்பது அன்று உதவியது. அடுப்படிக்குப் போகும் இடைகழியில் வீட்டு ஆச்சி தனியாக வரும்வரை காத்திருந்தேன்.

"ஆச்சி, ஒரு வார்த்தை."

"ஒரே வார்த்தைன்னா சொல்லு. ரெண்டாவதுக்கு நேரம் இல்லை."

"அது எங்க மாட்டி, ஆச்சி."

"எது?"

"பினாங்குச் சாமான்."

ஆச்சி தூணில் சாய்ந்தார்.

"அந்த மூணு கிண்ணி?"

"பெயிண்ட்டுக்கு. கறுப்பு, வெள்ளை, சிவப்பு."

"நான் சந்தனம்ல வச்சிருக்கேன்!" என்றவர், குரலைச் சட்டென்று தாழ்த்திக்கொண்டார். "இந்தா பாரு. இப்பப் போயித் தூக்குனா, காட்டுன சாமானைக் குறைச்சுட்டாகம்பாக. பெயிண்டு வாளி மாட்டுறதுன்னு சொன்னா, நான் பேத்தி எடுக்குற காலம் வரைக்கும் சிரிப்பாக. தூக்காட்டி, லச்சுமி முக்காட்டோடயே நிப்பா. எனக்கு இப்ப மூணும் ஆகாது. அந்த ஆளைப் பழையபடி கயித்தைக் கட்டிக்கிட்டு ஏறச் சொல்லு."

"அது மட்டும் மாட்டேன், ஆச்சி. அப்பா அப்படித்தான் விழுந்தாக."

ஆச்சிக்குக் கோபம் வந்தது. எங்கள் தொழில் அந்த இடைகழியோடு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏணி இருந்த திசையைப் பார்த்துவிட்டு, "காலு கூடிருச்சா உங்கப்பாவுக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் கட்டுப் பிரிக்கலை."

"சரி, கயிறு வேணாம். வேற சொல்லு. படிச்சவதானே?"

என் படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. ஒரு வாக்கியத்தை எப்படி அமைத்தால் அது பொய்யாகாது என்ற கவனம் மட்டும் இருந்தது.

"ஒளிச்சு எடுக்க வேணாம், ஆச்சி. எல்லாரும் பார்க்க எடுத்துக்கிட்டுப் போவோம். இது என்னன்னு கேட்டா உள்ளதைச் சொல்லுங்க: லட்சுமிக்குக் கண் திறக்கிறபோது வர்ணக் கிண்ணங்களைத் தாங்குறதுக்காகச் செஞ்ச சாமான்."

ஆச்சி அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிடித்துப்போயிற்று. முந்தானையைச் சரிசெய்துகொண்டு முற்றத்துக்குப் போய், நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "இந்த வீட்டு லச்சுமிக்குக் கண்ணைத் தொறந்துட்டு, உங்க வீட்டு லச்சுமியோட இது உங்க வீட்டுக்கு வரும்" என்று தாமாக இன்னொரு வாக்கியமும் சேர்த்தார். எங்களிடமிருந்த ஒரே மாட்டி சபை நடுவே சீதனமாகப் போய்விட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதானே பாத்தேன்! சாமி சாமானு! நான் முதல்லயே நெனச்சேன்" என்றார், பூனையைக் கொண்டுவந்தவர்.

வெள்ளித் தட்டில் மாட்டியை வைத்து, விளக்கோடு ஊர்வலமாக வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். யாரோ சங்கு ஊதினார்கள். ஏணியடியில் குந்தியிருந்த சூசை அண்ணன் எழுந்து நின்று தலைப்பாகையை அவிழ்த்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. பிறகு தட்டைப் பார்த்தார்.

"பாப்பா," என்றார் மெல்ல, "இதுக்கு யாரு பொட்டு வச்சா?"

"பேசாம வாங்கிக்கங்க அண்ணே."

"கிண்ணியில சந்தனம் இருக்கே. வர்ணத்தை எங்க ஊத்துறது? தொடைக்கலாமா, தப்பா?"

நான் விழித்தேன். ஆச்சி விழிக்கவில்லை. சந்தனத்தை முழுவதும் வழித்து வந்திருந்த பெண்கள் எல்லோருக்கும் கொடுத்து, மிச்சத்தைச் சூசை அண்ணன் கழுத்தில் அவரே அப்பினார். குங்குமமும் மஞ்சளும் அதே வேகத்தில் காலியாயின. கிண்ணங்களில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு ஊற்றினோம். சூசை அண்ணன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, லட்சுமிக்குக் கண் திறக்க ஏறினார். அதில் பொருத்தமில்லாதது ஒன்றும் அங்கிருந்த யாருக்கும் தென்படவில்லை, எனக்கும்தான்.

மேல் படியில் மாட்டியைப் பொருத்தினார். வளையம் ஒரு முறை ஆடி நேராயிற்று. ஒரு கை ஏணியில், ஒரு கை பிரஷ்ஷில். வேட்டியை விலக்கி, முதலில் வெள்ளை, பிறகு ஓரங்களில் சிவப்பு, கடைசியாகக் கறுப்பு மணி. ஒரு சொட்டும் கீழே விழவில்லை. அவர் விலகியபோது லட்சுமி எங்களைப் பார்த்தாள். கீழே நின்ற பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கை குவித்தார்கள். ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

சம்பந்தி ஆச்சிதான் முதலில் வாயைத் திறந்தார். "அந்தச் சிப்பாய்க்கு மட்டும் ஏன் மீசை நரைச்சிருக்கு?"

"அவன் மூத்தவன்" என்றார் வீட்டு ஆச்சி.

"அப்படியா. சாமானெல்லாம் ஜோடியா வச்சிருக்கீக. இது மட்டும் ஒத்தையா இருக்கே?"

"ஒத்தையா வைப்பேனா? இன்னொண்ணு வந்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லி, வீட்டு ஆச்சி என்னைப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்து கார் ஏறும்போது, சம்பந்தி ஆச்சி என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"காண்ட்ராக்டர் மகதானே நீ? எங்க வீட்டு முகப்பும் வெளுத்துப்போய்க் கெடக்கு. கல்யாணம் முடிஞ்சதும் ஆளு அனுப்பு."

"சரிங்க ஆச்சி."

"ஆளை மட்டும் அனுப்பு. மாட்டிதான் ஜோடியா எங்க வீட்டுக்கே வருதே."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, கண்ணில் இருந்தது.

"எப்படித் தெரியும், ஆச்சி?"

"சந்தனத்துக்கு அடியில, கிண்ணி ஓரத்துல கறுப்புப் பெயிண்டு. எத்தனை புளி போட்டாலும் அது போகுமா?"

"அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"எதுக்கு? அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெழமையிலேர்ந்து என் வீட்டுல இருக்கப்போகுது. அவ ஆத்தாளை ஊரு சிரிக்க விட்டுட்டு, நான் அவ கையால காப்பி வாங்கிக் குடிக்க முடியுமா?" கார்க் கதவைச் சாத்திக்கொண்டு, சன்னல் வழியே தலையை நீட்டினார். "அந்தப் பூனை விஷயம் நல்லா இருந்துச்சு. அதை மட்டும் எங்க வீட்டுல சொல்லிச் சிரிச்சுக்குவேன்."

கயிற்றைக் கட்டி ஏறச் சொன்னால், கேட்பவர் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள். வேலை போகுமே என்று யோசிக்க வேண்டாம். மற்றபடி, ஒரு வீட்டுக்குள் உங்களுக்குத் தெரியவருகிறவற்றில் பெரும்பாலானதை உங்களோடேயே வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

அன்று மாலை எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். கட்டில் ஆட ஆடச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வாளி சாயலையே?"

"சாயலை, அப்பா."

"அப்பப் போதும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, முதல் வேலையாகப் பாத்திரப் பட்டறைக்குப் போனேன். தாமரை மொட்டு, யாளி வாய் எதுவும் குறையாமல் ஜோடிக்கு இன்னொரு மாட்டி சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொன்னேன். அங்கிருந்து நேராக இரும்புப் பட்டறைக்குப் போய், எங்களுக்கென்று ஒன்று செய்யச் சொல்லிக் கூடவே நின்றேன். சூடு ஆறியதும், கையோடு கொண்டுபோயிருந்த தார் டப்பாவைத் திறந்து, பளபளப்பு ஓரிடத்திலும் தெரியாதபடி நானே இரண்டு பூச்சுப் பூசினேன்.

பட்டறைக்காரருக்கு மனசு பொறுக்கவில்லை. "புதுச் சாமானைப் போயி ஏன் தாயி இப்படி அசிங்கப்படுத்துறீக?"

"வைகாசி பிறந்திருச்சு அண்ணே," என்றேன், "மாசம் பூரா முகூர்த்தம் இருக்கு."